மாடன் பிறப்பதற்கு முன்பே சண்டை: என் சிடிக்களைக் காரில் ஏற்றிய கதை

பழைய காரை விற்றபோது அதன் சிடி பிளேயருக்காக மட்டும்தான் மனம் வருந்தியது. இப்போதைய வண்டியில் யுஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். குளச்சலிலிருந்து திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய்த் திரும்ப, நெரிசலையும் சேர்த்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாட்டில்லாமல் அந்தச் சாலையில் ஓட்டுவது தண்டனை. எனவே பழைய சிடிக்களின் பாட்டுகளைக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக் காரில் கேட்பதென்று அலமாரியைத் திறந்தேன்.

எண்ணிப் பார்த்ததில் 163 சிடிக்கள். அவற்றில் 21, பஸ் நிலையத்துப் பக்கம் விற்ற ‘ஒரே சிடியில் 150 பாட்டு’ வகை. அவை ஏற்கெனவே ஒலியைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கிய எம்பி3 கோப்புகள். இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஜாலராச் சத்தம் எல்லாம் பொரிகடலை வறுப்பதுபோல் கேட்கும். மறுபடி எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் தொலைந்துபோன ஒலி திரும்பி வராது. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். மிச்சம் 142.

முதல் ஞாயிறு முழுக்கத் துடைப்பதிலேயே போயிற்று. கடலோர வீடு, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். பிளாஸ்டிக் உறைக்குள்ளும் பூஞ்சணம் பிடித்திருந்தது. மென்மையான துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். தட்டு கழுவுவதுபோல் வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல், தகவல் பதிந்த சுருள் தடத்தோடு சேர்ந்தே ஓடும். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை தகவல் கெட்டாலும் சிடியின் பிழைதிருத்த முறை ஈடுகட்டிவிடும். கீறல் அதற்குமேல் நீண்டால் அதனால் சமாளிக்க முடியாது. இன்னொன்று, பளபளக்கும் பக்கத்தைவிடப் படம் அச்சிட்ட பக்கம்தான் பலவீனமானது. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் அதற்கு 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவல். இது தெரியாமல் பத்து வருடமாகப் படத்தின் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதி வந்திருக்கிறேன்.

லேப்டாப்பில் சிடி வாசல் இல்லாததால் வெளியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். சிடியை இறக்கும் மென்பொருள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, இலவசம். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறையாவது படித்து ஒப்பிட்ட பிறகே எழுதும். நல்ல சிடி என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கெட்டது என்றால் ஒரே இடத்தை மறுபடி மறுபடி படித்து முனகிக்கொண்டே இருக்கும். மாலையில் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்த் திரும்பினாலும் மூன்றாம் பாட்டில்தான் நிற்கும். அதே சிடியை வீட்டில் கிடந்த பழைய கணினியின் டிரைவில் போட்டால் சில நேரம் தகராறில்லாமல் ஓடிவிடுகிறது. பழைய டிரைவ் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இறக்கியது சரிதானா என்பதை, அதே சிடியை இறக்கிய மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. சினிமாப் பாட்டு சிடிக்கள் பலவற்றுக்கு ‘சரி’ என்று வந்தது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் மைக் செட்காரர் பதிந்து கொடுத்த வில்லுப்பாட்டுக்கு மட்டும் ஒப்பிட ஆளில்லை. உலகத்தில் வேறு யாரும் அதை இறக்கவில்லைபோலும். நானே இரண்டு தடவை இறக்கி ஒப்பிட்டுக்கொண்டேன்.

வீட்டில் வைக்க ஃபிளாக் என்ற கோப்பு வடிவம், காருக்கு எம்பி3-இலேயே உயர்ந்த தரமான 320 கேபிபிஎஸ் என்று முடிவு செய்தேன். ஃபிளாக்கில் ஒலித் தகவல் எதுவும் இழப்பாகாது. ஆனாலும் சிடியின் அளவில் ஏறத்தாழ பாதியில் அடங்கிவிடுகிறது. இதுவரை 40 ஜிபியை நெருங்குகிறது. காரிலும் ஃபிளாக்தான் வேண்டும் என்று ஆரம்பத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஒரு மழை நாளில், வைப்பர் அடித்துக்கொண்டிருக்க, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எது எது என்று சொல்ல முடியவில்லை. பிடிவாதம் அன்றே போயிற்று.

பிறகுதான் உண்மையான தொல்லை. ஆசையாக வாங்கிய 64 ஜிபி பென் டிரைவைக் கார் கண்டுகொள்ளவே இல்லை. அது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் இருந்தது. என் வண்டிக்கு ஃபேட்32 என்ற பழைய முறைதான் புரியும். 32 ஜிபி பென் டிரைவுக்கு இறங்கி வந்தேன்.

அடுத்த வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு கொடைக்குப் போகும்போது வில்லுப்பாட்டைப் போட்டேன். சுடலைமாடன் சாமியின் கதை, 14 தடங்கள், அதாவது 14 பகுதிகள். முதல் தடம் முடிந்ததும் மந்திரவாதியோடு சண்டை தொடங்கிவிட்டது. “மக்களே, மாடன் இன்னும் பிறக்கவே இல்லையே, அதற்குள் யாரோடு சண்டை?” என்று அம்மா கேட்டாள். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். பெயரை எழுத்தாகப் பார்க்கும் கணினிக் கணக்கில் 1-க்கு அடுத்தது 10, 2 அல்ல. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் 01, 02 என்று மாற்றி, மறுபடி நகலெடுத்தேன். முன்பு படிக்க மறுத்த ஐந்தாம் தடத்தைப் பழைய டிரைவில் மீட்டு, அதையும் பென் டிரைவில் சேர்த்தேன். அது கடைசியில் போய்ப் பாடியது! என் காரின் ஸ்டீரியோ பெயரைப் பார்ப்பதே இல்லை. எந்த வரிசையில் நகலெடுத்தோமோ அந்த வரிசைதான் அதற்கு வேதம். பென் டிரைவின் கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. நானோ அந்த வில்லுப்பாட்டை ஒரே கோப்பாக ஒட்டிவிட்டேன். தடத்துக்குத் தடம் குடத்தின் தாளம் அரை நொடி அறுந்து போனதும் அதோடு நின்றது.

பாட்டுப் பெயர்களைத் தமிழில் தட்டியிருந்தேன்; திரையில் கட்டம் கட்டமாக வந்தது. இப்போது ஆங்கில எழுத்து. சண்முகப்பிரியா ராகத்தின் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது. திருத்தப் பொறுமை இல்லை.

ஒலியளவும் படுத்தியது. ஆலாபனை காதில் விழவேண்டும் என்று கூட்டி வைத்தால், அடுத்து வரும் சினிமாப் பாட்டு கண்ணாடியை அதிர வைக்கும். எம்பி3கெயின் என்ற மென்பொருள் பாட்டை மறுபடி சுருக்காமல், ஒலியளவுக் குறிப்பை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுகிறது. வேண்டாமென்றால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் 89 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். சாலைக் குழிகளின் சத்தத்துக்கு அது போதவில்லை, 92 ஆக்கினேன்.

இன்றைய நிலவரம்: 117 முழுதாக முடிந்தன. மலையாளப் பாட்டு சிடிக்கள் 16 மீதி. 9 அரைகுறை. அந்த ஒன்பதில் பெரும்பாலானவை கச்சேரி சிடிக்கள். சிடியை டிரைவ் உள்ளிருந்து வெளியே படிக்கிறது. உப்புக்காற்று விளிம்பிலிருந்து உள்ளே தின்கிறது. ஆக, நிறையப் பதிந்த சிடியில் முதலில் போவது கடைசித் தடம், அதாவது மங்களம். மங்களம் இல்லாத கச்சேரியைக் காரில் போடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவற்றைத் தனி உறையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஈரம் படாத இடமாக வைத்திருக்கிறேன். வேறொரு பழைய டிரைவ் கிடைக்கட்டும்.