லியர் ராஜாவின் சட்டைப் பட்டன்

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு தையல் கடை. அப்பா ஆரம்பித்தது. நான் 1994-இல் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்த கையோடு அப்பாவுக்கு முதுகு வலி வந்துவிட்டது. ஒரு மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்கு வந்தவன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். காலேஜ் புத்தகங்களில் ஒன்று மட்டும் கட்டிங் மேஜை டிராயரில், அளவு நோட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்'.

லியருக்குப் பைத்தியம் பிடித்தது ஏன் என்ற கேள்விக்கு அன்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன். மகள்களின் நன்றிகெட்டதனம், புயல், புத்தி பேதலிப்பு. மார்க்கும் வந்தது. அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகுதான் அந்த நாடகத்தை நான் ஒழுங்காகப் படித்தேன்.

கதை நம்மூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. எண்பது தாண்டிய ராஜா, மூன்று மகள்கள். யாருக்கு என்மேல் பாசம் அதிகம் என்று கேட்டு நாட்டைப் பங்கு வைக்கிறார். மூத்தவள் கானரிலும் அடுத்தவள் ரீகனும் வாயினிக்கப் பேசி வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா "சொல்ல ஒன்றுமில்லை" என்கிறாள். அவளைத் துரத்திவிடுகிறார்.

அவருக்குப் புத்தி கெடுவது புயலில் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஒரு கணக்கில் ஆரம்பிக்கிறது. நாட்டைக் கொடுத்துவிட்டு, தனக்கென்று 100 வீரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார். கானரில் அதை 50 ஆக்குகிறாள். ரீகன் 25 போதும் என்கிறாள். அப்புறம் பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று பேச்சு போகிறது. கடைசியில் ரீகன் கேட்கிறாள்: "ஒருவன்தான் எதற்கு?" லியர் சொல்லும் பதில், "தேவை என்ன என்று கணக்குப் பார்க்காதே."

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாங்களும் அதைத்தான் செய்திருந்தோம். முதலில் அப்பாவின் சைக்கிளை எடுத்தோம், வழி தவறிவிடுகிறார் என்று. பிறகு கடைச் சாவி. பிறகு சட்டைப்பையில் இருந்த ரூபாய். கடைசியாக அந்தப் பெரிய கத்தரிக்கோல். நாற்பது வருஷம் அவர் கட்டைவிரல் தேய்ந்து தேய்ந்து கைப்பிடி வழவழவென்று இருக்கும். அதை அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன். ஒவ்வொன்றையும் பயத்தில்தான் எடுத்தோம், பாசத்தில்தான் எடுத்தோம். ஆனால் எடுக்கப்படுகிறவருக்கு அது 100, 50, 25 தான். கத்தரி போன மறுநாள் அப்பா வீடு முழுக்க அதைத் தேடினார். அதற்குப் பிறகு எதையும் தேடவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்தது, குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வாசல் கதவு திறந்து கிடந்தது. வெளியே ஓடினேன். முட்டளவு தண்ணீரில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார். பட்டன் தெறித்து விழுகிறது. "ஏல, கடைல ஆள் நிக்காங்க. கதவத் தொற" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

லியரும் மழையில் அதைத்தான் செய்கிறார். வெட்டவெளியில் குளிரில் நடுங்கும் ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். ஆடையில்லாத மனுஷன் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, "வா, பட்டனைக் கழற்று" என்று தன் உடுப்பைக் கிழிக்கப் போகிறார். அந்தப் பிச்சைக்காரன் நிஜப் பைத்தியமில்லை. உயிர் பிழைக்கப் பைத்திய வேஷம் போட்ட எட்கர், குளோஸ்டர் பிரபுவின் மகன். எட்கர் பேச்சில் பெரும்பாலும் பேய் பிசாசுகளின் பெயர்தான். நிஜமாகப் புத்தி பேதலித்த லியர் பேசுவது வேறு மாதிரி. காட்டுப்பூக்களைத் தலையில் சூடிக்கொண்டு வந்து, படைக்கு ஆள் எடுக்கிறார், கூலி கொடுக்கிறார், ஒருவன் வில் பிடிக்கும் லட்சணத்தைத் திட்டுகிறார். "துணிக்காரன் கஜத்துக்கு இழு" என்கிறார். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காலத்து அம்பின் நீளத்துக்குத் துணி அளக்கும் கஜம்தான் கணக்கு.

அப்பாவும் அப்படித்தான். பேரப்பிள்ளைகளின் பெயர் போய்விட்டது. அம்மா செத்ததும் போய்விட்டது. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே காற்றில் டேப்பைப் பிடித்த மாதிரி கையை விரிப்பார். "தோள் பதினேழரை. நெஞ்சு நாப்பது. கை லூசா வேணுமா?" முப்பது வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர்களுக்கு அளவு எடுத்தார். ஒரு நாள் பழைய நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன். அவர் சொன்ன அளவில் அரை இஞ்ச் மாறவில்லை.

புத்தி கலங்கினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். லியரிடமும் சரி, அப்பாவிடமும் சரி, வீட்டைக் காலி செய்த பிறகு சுவரில் ஆணி நிற்பது மாதிரி தொழில் நின்றது.

நாலாம் அங்கத்தில் கார்டீலியா திரும்பி வருகிறாள். தூங்கிக்கொண்டிருக்கும் அப்பனுக்குப் புது உடுப்பு போட்டுவிடச் சொல்லியிருக்கிறாள். விழித்துப் பார்க்கிறவர், இந்த உடுப்பு தனக்கு நினைவில் இல்லை என்கிறார். நான் முட்டாள் கிழவன், என் புத்தி சரியாக இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். பிறகு தயங்கித் தயங்கி, இது என் மகள் கார்டீலியா என்று நினைக்கிறேன் என்கிறார். மேடையில் இதைவிட மெதுவாக ஒரு மனுஷன் திரும்பி வந்து நான் படித்ததில்லை.

ஆனால் அவளையும் கொன்றுவிடுகிறார்கள். 1681-இல் நாஹும் டேட் என்பவர் முடிவை மாற்றி, அப்பனும் மகளும் பிழைப்பதாக எழுதினார். ஏறக்குறைய 150 வருஷம் இங்கிலாந்து மேடைகளில் அதுதான் நடந்தது. அதை ரசித்த ஜனங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு முடிவுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஷேக்ஸ்பியர் எழுதிய முடிவில் லியர் செத்த மகளைத் தூக்கி வருகிறார். இனி நீ வரவே மாட்டாய் என்று அழுகிறார். அடுத்ததாக, "தயவுசெய்து இந்தப் பட்டனைக் கழற்றிவிடுங்கள். நன்றி ஐயா" என்கிறார். அவருடைய பட்டனா, மகளுடையதா என்று படித்தவர்கள் வாதாடுகிறார்கள். என் கண் போனது அந்த 'தயவுசெய்து' மேல்தான், 'நன்றி ஐயா' மேல்தான். முதல் காட்சியில் அவர் வாயில் பெரும்பாலும் கட்டளைதான். புயலில் தானே கிழித்தார். இப்போது ஒரு பட்டனுக்கு இன்னொருவரிடம் கேட்கிறார்.

போன ஆடி மாசம், கடைசி வாரம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பிறந்ததிலிருந்து என்னை 'ஏல' என்று மட்டுமே கூப்பிட்டவர், என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அண்ணாச்சி, இந்தப் பட்டனக் கொஞ்சம் கழத்தி விடுதியளா?"

கழுத்துப் பட்டன். அவர் காலர் வைத்த சட்டைதான் போடுவார். கழற்றிவிட்டேன்.

"நல்லாருப்பிய" என்றார்.

அந்தச் சட்டையில் காஜா நான் மெஷினில் போட்டதில்லை. அவர் கையால் போட்டது. இழை ஒன்றுகூடப் பிரியவில்லை.