தவக்கால வெள்ளியில் மடு வீதி

மற்ற வருசங்களில் தவக்காலம் வந்தால் பங்கு ஆக்களோடு வான் பிடித்துக் கோமரசன்குளம் கல்வாரிக்குப் போவோம். சிலுவைப்பாதை செய்துவிட்டுப் பின்னேரமே வீடு. இந்த வருசம் அப்படித் தப்ப முடியவில்லை. மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயிலுக்கு அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது.

போன வருசம் காலபோக அறுவடை நேரம், விபூதிப் புதன் முடிந்து இரண்டாம் கிழமை. வெட்டு மெசினுக்கு வழி காட்டப் போன தம்பிக்கு வரம்பில் வைத்துப் புடையன் பாம்பு கடித்தது. பக்கத்து வயல்காரர் மோட்டார் சைக்கிளில் நடுவே இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். அங்கே இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிசம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருக்க வேண்டும். தம்பியின் இரத்தம் தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் குழாய், திரும்பவும் 20 நிமிசம். அந்த இரண்டாவது 20 நிமிசத்தில்தான் அம்மா வாய் திறந்தார். "மடுத் தாயே, இந்தப் பிள்ளையைத் தந்தியெண்டால் அடுத்த தபசுகாலத்தில ஒரு வெள்ளி, சந்தியிலயிருந்து உன்ர வாசல்மட்டும் செருப்பில்லாமல் அவனோட நடந்து வருவன்."

தாதி குழாயைச் சரித்தார். இரத்தம் ஓடவில்லை.

அதனால் இந்த வருசம் நடை. அம்மாவுக்கு 67 வயது. நடக்கிற நாளிலும் ஒருசந்தி என்கிற உபவாசம் இருப்பேன் என்றார். அது கடமையாக இருப்பது விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான், அதுவும் 60 வயது தொடங்கும்வரைதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் சட்டம் எடுபடாது. நாற்பது நாளில் ஞாயிறு சேராது என்று தெரிந்தும் ஞாயிறு காலையில் கூடச் சீனி போடாத பிளேன்ரீதான் குடிப்பார்.

வன்னியில் தவக்காலம் அறுவடையோடு வந்து சேருவது ஒரு சோதனை. நெல் வெட்ட வருகிற ஆக்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், அவர்களுக்கு இறைச்சி இல்லாமல் சோறு இறங்காது. ஒரு வெள்ளி கோழிக்கறி அடுப்பில். வீட்டில் எல்லோரும் சுத்தபோசனம், இறைச்சி வாயில் வைப்பதில்லை, உப்புப் பார்க்க யாருமில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டால் அவ சைவ ஆள், வெள்ளி மச்சம் தொடமாட்டா. கடைசியில் உப்புப் பார்க்காமலே பரிமாறினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. பசி.

அந்த அக்காவும் எங்களோடு வந்தா. அவவுக்கும் மடு அம்மாளிடம் ஏதோ நேர்த்தியாம். என்னவென்று நான் கேட்கவில்லை.

வவுனியாவில் ஏறிய மன்னார் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. விடிகிற நேரம் மடுச் சந்தியில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். "அம்மாவைப் பாருங்கோ தங்கச்சி, உங்களுக்கு நெஞ்சில ஈரமில்லையே?" 1500 ரூபாவில் தொடங்கி 800 வரை இறங்கினார். நேர்த்தி என்று சொன்ன பிறகும் விடவில்லை. அவருக்கும் பிழைப்பு, சரி. ஆனாலும் செபமாலைக்கு நடுவில் ஹோர்ன் அடித்தது பொறுக்க முடியவில்லை.

சந்தியிலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். சிலுவைப்பாதையின் 14 தலங்களையும் வழிநெடுக நின்று நின்று செய்வது என்று அம்மா முடிவெடுத்திருந்தார். தம்பி புத்தகத்தை வாசிக்க, நாங்கள் வீதியோரம் முழங்காலில். ஐந்தாம் தலத்தில் அக்கா என் பையையும் வாங்கித் தோளில் போட்டா. சீமோன் சிலுவையைத் தாங்கினதைத்தான் தம்பி அப்போது வாசித்துக்கொண்டிருந்தான் என்பதை அவ கவனித்ததாகத் தெரியவில்லை. எட்டரை மணிக்கே தார் சுடத் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் காடுதான், நிழல் வீதிக்கு வரவில்லை. பத்து மணியளவில், ஒன்பதாம் தலத்தில், முழங்காலில் இருந்த அம்மா எழும்பவில்லை. இயேசு மூன்றாம் முறை விழுகிற தலம் அது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. தம்பி புத்தகத்தை மூடிவிட்டு, கடிபட்ட அந்தக் காலை, இன்னும் பின்னேரமானால் வீங்குகிற காலை, முன்னே ஊன்றிக் குனிந்து அம்மாவைத் தூக்கினான். "நீ நடக்கிறதுதான் மோனே நேர்த்தி, என்னைத் தூக்கிறதில்லை" என்றார் அம்மா. என்றாலும் கையை விடவில்லை. மிச்சத் தூரம் அவன் கையைப் பிடித்தபடிதான்.

கோயில் வளவில் வழமையான கூத்துகள். மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அக்காவின் பையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு கொண்டுபோனது. வேறு ஊரிலிருந்து வந்த ஒரு கூட்டம் பீடத்தை மறைத்து நின்று போன் பிடித்தது. தவக்காலத்தில் போனையும் கொஞ்சம் ஒறுக்கலாம்.

உள்ளே மாதாவின் முன்னால் நின்றோம். எவ்வளவு சின்னச் சொரூபம்! ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டு வந்தது. 2008இல் ஷெல்லுக்குப் பயந்து தேவன்பிட்டிக்குப் போனது. அந்த வருசம் நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு வீதியில் நின்றோம். "அவவுக்கும் அலைச்சல் தெரியும்" என்று அம்மா அடிக்கடி சொல்லுவார். வழி முழுக்க என்னென்ன கேட்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், அங்கே ஒன்றும் கேட்கவில்லை. தம்பியை முன்னுக்குத் தள்ளி, அவன் காற்சட்டையை முழங்கால் மட்டும் உயர்த்தி, தழும்பை மாதாவுக்குக் காட்டினார். கடைக்காரரிடம் பற்றுச்சீட்டைக் காட்டுகிற மாதிரி. முப்பது வயதுக்காரன், வெட்கப்படாமல் நின்றான். எனக்கு மாதா தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

தாயே, உனக்கு நன்றி. அந்த வயல்காரருக்கும், குழாயைச் சரித்த தாதிக்கும், உப்பில்லாமல் சாப்பிட்டவர்களுக்கும் நீதான் கொடுக்க வேண்டும். எங்களிடம் என்ன இருக்கிறது?

திரும்பும்போது அம்மா ஒரு பையில் மடு மண் எடுத்தார். பாம்பு அண்டாது என்று வளவு சுற்றித் தூவுவதற்கு. கடித்தால் முதலில் ஆஸ்பத்திரி, மண்ணெல்லாம் பிறகு என்று நான் சொல்ல, "அது எனக்குத் தெரியாதே?" என்று முறைத்தார். மடுச் சந்தியில் பணிசும் பிளேன்ரீயும் வாங்கி ஒருசந்தி முறித்தோம். அம்மாவின் ரீயில் சீனி இல்லை, இன்னும் பாஸ்கா வரவில்லையே. போகும்போது ஏறாத அந்த ஓட்டோவில்தான், சொன்னால் வெட்கம், திரும்பி வந்தோம். 600 ரூபா.