லைப்ரரித் திறப்பு

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 14 நெருங்கும்போது சமயபாட சேருக்கு ஒரு கடிதம் போடவேண்டும் என்று நினைப்பேன். முப்பத்தெட்டு வருடமாக நினைத்ததுதான். இந்த மாசியில் சேர் மோசம் போய்விட்டார்.

அந்தத் திகதி என்னவென்று என்னோடு பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுற்றுலாக் காசு 310 ரூபாய் என் கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்தது. பின்னேரம் விளையாடிவிட்டு வந்து திறந்தால் கவராயமும் அடிமட்டமும்தான் கிடந்தன. அடுத்தநாள் அசெம்பிளியில் மேடைக்குக் கூப்பிட்டு, காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். இடதுபக்கப் பையின் மூலையில் மைக்கறை. அதை முழுப் பள்ளிக்கூடமும் பார்த்தது.

ஏழாம் பாடத்துக்கு வந்த சேர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இண்டைக்கு ஒரு பாப்பரசரின்ரை கதை" என்றார்.

கலிஸ்டஸ் அடிமையாக இருந்தவர். எசமான் அவரை வைத்து உரோமையில் காசுக்கடை நடத்தினான். கைம்பெண்களும் சபையாரும் நம்பிப் போட்ட காசெல்லாம் அவர் கையில் தொலைந்தது. துறைமுகத்துக்கு ஓடிக் கப்பலேறினார். எசமான் வருவதைக் கண்டு கடலில் குதித்தார். பிடித்துவந்து மாவரைக்கும் திரிகையில் பூட்டினார்கள். பிறகு சார்தீனியாச் சுரங்கம். கி.பி. 190 அளவில் மார்சியா என்ற பெண் பேரரசன் கொம்மோதுசிடம் பேசிக் கிறிஸ்தவக் கைதிகளை மீட்டாள். பாப்பரசர் விக்டர் கொடுத்த பட்டியலில் கலிஸ்டசின் பெயர் இல்லை. முழங்காலில் நின்று அழுதுதான் வெளியே வந்தார்.

"இதையெல்லாம் எழுதிவைச்சது ஆர்? அவரை வெறுத்த உரோமைக் குரு இப்போலித்து. அவரும் புனிதர்தான்" என்றார் சேர். "இப்பிடிப்பட்ட ஆளைத்தான் பாப்பரசர் செபிரீனுஸ் கூப்பிட்டுச் சேமக்காலைப் பொறுப்பைக் குடுத்தவர்."

217 அளவில் கலிஸ்டசே பாப்பரசரானார். பெரும்பாவியும் மனந்திரும்பினால் சபைக்குள் வரலாம் என்றார். இப்போலித்துவால் பொறுக்கமுடியாமல் போனவற்றில் அதுவும் ஒன்று.

மணி அடித்ததும் சேர் சேட்டுப் பையிலிருந்து லைப்ரரித் திறப்பை எடுத்து என் மேசையில் வைத்தார். "தம்பி, நாளையிலயிருந்து நீ திற."

இரண்டு வருடம் திறந்தேன். 1986இல் வெளிக்கிட்டபோது திறப்பை அடுத்த வகுப்புப் பெடியனிடம் கொடுத்துவிட்டு, சேரிடம் சொல்லாமலே வந்தேன். "நில்" என்று அவர் சொன்னால் நின்றுவிடுவேன் என்ற பயம்.

போன வருடம் உரோமையில், அப்பியா வீதியிலுள்ள கலிஸ்டஸ் சேமக்காலைக்குள், நிலத்தடிக் கல்லறைகளுக்குள், இறங்கினேன். 1854இல் தொல்லியலாளர் தெ றொஸ்ஸி கண்டெடுத்த அறையில் மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் ஒன்பதுபேரை அடக்கியிருக்கிறார்கள். உடைந்த கற்களில் கிரேக்க எழுத்தில் பொந்தியானுஸ், பாபியானுஸ் என்று பெயர்கள். கலிஸ்டஸ் அங்கே இல்லை. அவரை அடக்கியது நகரத்தின் மற்றப் பக்கம், அவுரேலியா வீதியில். தான் காத்த நிலத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

மேலே வந்து சேருக்கென்று ஒரு போஸ்ட்கார்ட் வாங்கினேன். பெயரை எழுதினேன். இப்போது எந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்று ஊரில் யாரையாவது கேட்டு மிச்சத்தை எழுதலாம் என்று வைத்தது, மேசை லாச்சிக்குள் அப்படியே கிடக்கிறது.