கைபேசியில் நிஜ டிரம்ஸ்: எந்தச் சாம்பிள், எப்படி அடிக்க வைப்பது

கைபேசியில் செய்த பாட்டில் டிரம்ஸ் பொம்மைத்தனமாகக் கேட்டால், பலரும் உடனே இன்னொரு சாம்பிள் பொதியை, அதாவது பதிவு செய்த டிரம் அடிகளின் தொகுப்பை, தேடப் போய்விடுகிறார்கள். பழைய பொதியில் இருந்த ஸ்னேரும் நல்ல அறையில், நல்ல மைக்கில் பதிவானதாகத்தான் இருக்கும். தனியாக ஒருமுறை தட்டிக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. இரண்டாவது அடி முதல் அடியின் அச்சு அசல் நகலாக வரும்போதுதான் காது விழித்துக்கொள்கிறது.

நிஜ ஸ்னேரை மெல்லத் தட்டினால் அடியிலுள்ள கம்பிகளின் சரசரப்பு முன்னால் நிற்கும். ஓங்கி அடித்தால் தோல் இழுபட்டு, சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். ஓட்டின் சத்தமும் சேரும். மெல்லிய அடி என்பது பலத்த அடியின் வால்யூமைக் குறைத்தது அல்ல, அது வேறு ஒலி. அதனால் நல்ல பொதியில் ஒரே டிரம்மைப் பல வலிமைகளில் பதிவு செய்திருப்பார்கள். இவை வெலாசிட்டி லேயர்கள். வெலாசிட்டி என்பது அடியின் வலிமையைக் குறிக்கும் எண், உச்சம் 127. ஒவ்வொரு வலிமையிலும் மூன்று நான்கு தனித்தனி அடிகளும் இருக்கும். சாம்பிளை ஒலிக்க வைக்கும் ஆப்பான சாம்ப்ளர் அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும். இது ரவுண்ட் ராபின். ஸ்னேருக்கும் ஹை-ஹாட்டுக்கும் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) குறைந்தது ஆறு லேயர், லேயருக்கு மூன்று ரவுண்ட் ராபின் இருந்தால் வேலைக்கு ஆகும். கிக்குக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) நான்கு லேயர் போதும். பொதியின் விளம்பரத்தில் ‘பஞ்ச்’, ‘ஃபேட்’ என்று எழுதி இந்த எண்களை எழுதவில்லை என்றால், பெரும்பாலும் அவை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் பொதியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஸ்னேர் நோட்டை 20, 60, 100, 127 என்ற வெலாசிட்டிகளில் வரிசையாக வையுங்கள். சத்தம் மட்டும் ஏறி குணம் மாறவில்லை என்றால் ஒரே லேயர்தான் இருக்கிறது. அடுத்து ஹை-ஹாட்டை ஒரே வெலாசிட்டியில் பதினாறு முறை ஓட விடுங்கள். தட்டச்சு இயந்திரம் மாதிரி தடதடத்தால் ரவுண்ட் ராபின் இல்லை. திறந்த ஹை-ஹாட்டை அடித்து உடனே மூடியதை அடியுங்கள். திறந்ததன் ரீங்காரம் அங்கேயே அறுபட வேண்டும். கடைசியாக ஒரு கிராஷ் சிம்பல். அது ஐந்து விநாடிக்கு மேல் இயல்பாகத் தேய வேண்டும். இரண்டாவது விநாடியிலேயே யாரோ வால்யூமை இறக்கியது போல மறைந்தால், அளவைக் குறைக்க வாலை வெட்டியிருக்கிறார்கள். மெதுவான பாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும்.

கோப்பு வடிவமும் முக்கியம். எஸ்எஃப்2 (SF2) ஒரே கோப்பாக வருவதால் கைபேசிக்கு வசதி. வெலாசிட்டி லேயர் அதில் உண்டு, ஹை-ஹாட்டை அறுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அந்த வடிவத்தில் ரவுண்ட் ராபினுக்கு இடமே இல்லை. எஸ்எஃப்இசட் (SFZ) வடிவத்தில் எல்லாம் உண்டு. அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த வேவ் (ஒலிக் கோப்பு) எந்த நோட்டுக்கு, எந்த வெலாசிட்டிக்கு என்று அதில் எழுதியிருக்கும். ஒலிகள் பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும். சிக்கல் வருவதும் இங்கேதான். எஸ்எஃப்இசட் கோப்பை மட்டும் நகர்த்தி ஃபோல்டரை விட்டுவிட்டால் ஒலி வராது. விண்டோஸில் தயாரித்த பொதியில் ஃபோல்டர் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எழுத்துக் கோப்பில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், கணினியில் ஓடியது ஐபேடில் ஊமையாகிவிடும். சில பொதிகளில் ஒலிகள் ஃபிளாக் என்ற சுருக்கிய வடிவில் இருக்கும். அதைப் படிக்காத சாம்ப்ளரில் வேவாக மாற்றிக் கொடுத்தால்தான் ஓடும். பாதி டிரம் கேட்டு பாதி கேட்கவில்லை என்றால் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

ஐஓஎஸ்ஸில் எஸ்எஃப்2-க்கு பிஎஸ்-16ஐ (bs-16i) என்ற ஆப், எஸ்எஃப்இசட்டுக்கு ஆடியோலேயர். இரண்டும் ஏயூவி3 ஆக (ஆப்பிளின் செருகுநிரல் முறை) மற்ற ஆப்களுக்குள் திறக்கும். டீசென்ட் சாம்ப்ளருக்கும் ஐஓஎஸ் பதிப்பு இருக்கிறது. அதற்கென்றே செய்த பொதிகள் நிறையக் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஆடியோ எவல்யூஷன் மொபைல் எஸ்எஃப்2-ஐ ஏற்கும். ஆண்ட்ராய்டில் தேர்வு குறைவு என்பது உண்மை, ஆனால் வழியே இல்லை என்பது சோம்பேறிப் பேச்சு. எதையும் இறக்க மனமில்லாதவர்களுக்கு ஐஃபோனில் இலவசமாகவே இருக்கும் கராஜ்பேண்டின் டிரம்மர் போதும். அதன் அக்கூஸ்டிக் கிட்டுகள் பல கட்டணப் பொதிகளைவிட மேல்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது சாலமாண்டர் டிரம்கிட். எஸ்எஃப்இசட் வடிவம், போதுமான லேயர்கள், ரவுண்ட் ராபின், பூச்சு வேலை செய்யாத ஒலி. ராக்குக்கு ஏவிஎல் டிரம்கிட்ஸ் வரிசையின் பிளாக் பேர்ல், ரெட் செப்பலின் இரண்டும் எளிது. எஸ்எஃப்2 ஆகவும் கிடைக்கும். மென்மையான பாட்டுக்கும் ஜாஸுக்கும் வெர்சிலியன் ஸ்டுடியோஸின் வெர்ச்சுவாசிட்டி டிரம்ஸ். அது சிசி0 உரிமத்தில் (உரிமைகளை முழுதாக விட்டுக்கொடுத்தது) இருப்பதால் பாட்டை விற்பதிலும் கேள்வி இல்லை. டிரம்கிஸ்மோவின் முல்யோர்ட் கிட் அருமையான பதிவு. ஆனால் அதன் ஒவ்வொரு வேவுக்குள்ளும் பத்துக்கு மேற்பட்ட மைக் சேனல்கள் அடைபட்டிருக்கும். கைபேசி சாம்ப்ளர் அதைத் திறக்காது, அல்லது முதல் இரண்டு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளும். கணினியில் பிரித்துச் சேர்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் தொடுங்கள்.

இனி நினைவகம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 0.26 எம்பி பிடிக்கும். ஒன்றரை விநாடி ஸ்னேர் அடி, 10 லேயர், லேயருக்கு 4 ரவுண்ட் ராபின்: மொத்தம் 60 விநாடி, ஏறக்குறைய 16 எம்பி. பத்து விநாடி கிராஷ் வெறும் 3 லேயர், தலா 2 அடி: அதுவும் 60 விநாடி, அதே 16 எம்பி. இடத்தைத் தின்பது சிம்பல்கள்தான். ஆப் நினைவகம் போதாமல் மூடிக்கொண்டால் ஸ்னேரிலும் ஹை-ஹாட்டிலும் கை வைக்காதீர்கள். இரண்டாவது கிராஷ், சைனா, ஸ்பிளாஷ் போன்ற சிம்பல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய கிராஷுக்கு மூன்று லேயர், டாமுக்கு நான்கு லேயர் என்று குறையுங்கள். 24 பிட்டை 16 பிட்டாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மிக்ஸில் எந்தக் காதும் வித்தியாசம் கண்டுபிடிக்காது. எஸ்எஃப்2 என்றால் கணினியில் பாலிஃபோன் என்ற இலவச எடிட்டரில் இந்த வெட்டுவேலையைச் செய்யலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சில சாம்ப்ளர்கள் ஏற்றும்போதே எல்லாவற்றையும் 32 பிட்டாக விரித்துக்கொள்ளும். அங்கே 16 பிட் ஆக்குவது சேமிப்பிடத்துக்குத்தான் உதவும், நினைவகத்துக்கு அல்ல.

பொதி ஏறிவிட்டது, அடித்தால் கிக்குக்குப் பதில் கௌபெல் வருகிறது என்றால் நோட் வரிசை பொருந்தவில்லை. ஜெனரல் மிடி என்ற பொது நோட் எண் முறையில் கிக் 36, சைடு ஸ்டிக் 37, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, மிதி ஹை-ஹாட் 44, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51, ரைடின் குமிழ் 53. இதே 36-ஐ ஒரு ஆப் சி1 என்றும் இன்னொன்று சி2 என்றும் காட்டும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

இவ்வளவு லேயர் உள்ள பொதியைத் தொடுதிரையில் தட்டி வாசித்தால் பாதிப் பயன் வீண். பெரும்பாலான திரைகளுக்கு அடியின் வலிமையை நேராக அளக்கத் தெரியாது. கராஜ்பேண்ட் போன்றவை கருவியின் அசைவு உணரியை வைத்து ஊகிக்கின்றன. பல ஆப்கள் எல்லா அடிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். யுஎஸ்பி வழி ஒரு சிறிய பேட் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தாளத்தைத் தட்டிப் பதிந்து, வெலாசிட்டியைப் பிறகு கையால் வரையுங்கள். தொடக்க அளவுகள் இவை: ஸ்னேரின் முக்கிய அடி 105 முதல் 118 வரை, கோஸ்ட் நோட்டுகள் (இடையில் மெல்லத் தட்டும் அடிகள்) 20 முதல் 40 வரை, கிக் 95 முதல் 110 வரை. எட்டாம் பங்கு ஹை-ஹாட்டில் எண்ணிக்கையின் மேல் விழும் அடி 85-95, இடையில் விழுவது 55-70. ஹை-ஹாட்டின் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றே பாதி நிஜத்தைக் கொண்டுவரும். 127-ஐத் தொடவே வேண்டாம். நல்ல பொதிகளில் அது முழு வெறியில் அடித்த லேயர், அதற்குக் காரணம் பாட்டில் இருக்க வேண்டும்.

வாசிப்பவருக்கு இரண்டு கை, இரண்டு கால்தான். ஹை-ஹாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்னேரும் கிராஷும் ஒரே கணத்தில் விழுந்தால் மூன்றாவது கை தேவை. கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும். டாம் ஃபில் (டாம் டிரம்களில் ஓடும் நிரப்பு வாசிப்பு) போகும்போது குச்சியால் அடிக்கும் ஹை-ஹாட்டை அழித்துவிடுங்கள். காலால் மிதிப்பது இருக்கலாம். கிராஷ் விழும் இடத்தில் அதன் கீழே ஒரு கிக் வையுங்கள், அந்த எண்ணிக்கையில் ஹை-ஹாட்டை நீக்குங்கள். பதினாறாம் பங்கு ஹை-ஹாட் வேகமான பாட்டில் ஓடினால் அதை இரண்டு கையாலும் மாற்றி மாற்றித்தான் வாசிப்பார்கள். வலது கை ஸ்னேருக்குப் போகும் 2, 4 எண்ணிக்கைகளில் ஹை-ஹாட் ஒலிக்காது. அந்த இரண்டு நோட்டை அழித்துப் பாருங்கள், தாளம் சட்டென்று மூச்சு விடும்.

நேரத்தில் கொஞ்சமாகத்தான் விளையாட வேண்டும். 100 பிபிஎம்மில் பதினாறாம் பங்கு என்பது 150 மில்லி விநாடி. ஸ்னேரை 5 முதல் 10 மில்லி விநாடி பின்னால் தள்ளினால் தாளம் சாய்ந்து உட்காரும். கிக்கைக் கட்டத்தின் (கிரிட்) கோட்டிலேயே விடுங்கள். ஹியூமனைஸ் பொத்தானில் 4 மில்லி விநாடிக்கு மேல் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்ந்த டிரம்மரின் விலகல் ஒரே பக்கமாக, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். பொத்தான் தருவது கண்மூடித்தனமான சிதறல். ஃப்ளாம் (ஒட்டி விழும் இரட்டை அடி) வேண்டுமென்றால் முக்கிய அடிக்கு 20-30 மில்லி விநாடி முன்னால் 40 வெலாசிட்டியில் ஒரு அடி.

மிக்ஸில் முதல் கேள்வி: டிரம்ஸ் தனி டிராக்குகளாக வருமா? ஏயூஎம் போன்ற சில ஹோஸ்ட்களில் (மற்ற ஆப்களைத் தன்னுள் திறக்கும் ஆப்கள்) ஏயூவி3 பல வெளியீடுகளைத் தரும். மற்றவற்றில் மிடியை (நோட்டுப் பதிவை) நகல் எடுத்து கிக் மட்டும், ஸ்னேர் மட்டும், மிச்சம் என்று ஒவ்வொன்றாக ஆடியோவாக பௌன்ஸ் செய்யுங்கள். ஹை-ஹாட்டின் 42, 44, 46 மூன்றையும் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் திறந்த ஹை-ஹாட்டை அறுக்க ஆளில்லாமல் போய்விடும்.

பொதியில் ஓவர்ஹெட் மைக் (கிட்டுக்கு மேலே வைத்த மைக்) இருந்தால் முதலில் அதை மட்டும் ஏற்றி முழு கிட்டும் கேட்கும்படி வைத்து, பிறகு கிக், ஸ்னேர் மைக்கைத் தேவைக்குச் சேருங்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி ஆகும். ஓவர்ஹெட்டில் அடி சற்றுத் தாமதமாகத் தெரிவது அதனால்தான். இழுத்து ஒட்ட வைக்கப் போகாதீர்கள். ஸ்னேர் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்து, எதில் அடிப்பகுதி தடிமனாக இருக்கிறதோ அதை வையுங்கள்.

ஓவர்ஹெட் இல்லாத பொதியில் எல்லா டிரம்மையும் ஒரே சிறிய அறை ரிவெர்புக்கு அனுப்புங்கள்: 0.4 முதல் 0.8 விநாடி, முன்தாமதம் 10 மில்லி விநாடி. ஸ்னேருக்கு ஹால், டாமுக்கு பிளேட் என்று பிரித்தால் ஆளுக்கொரு அறையில் அடிப்பது போலிருக்கும். ஏற்கெனவே ரிவெர்ப் பூசிய சாம்பிளாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட பொதியைத் தவிர்ப்பதே மேல். ஈக்யூவில் கிக்குக்கு 300-400 ஹெர்ட்ஸில் 3-4 டெசிபெல் வெட்டு, 60-80-ல் சிறிது ஏற்றம். ஸ்னேரின் உடம்பு 200 ஹெர்ட்ஸ் பக்கம். மொத்த டிரம்ஸுக்கும் கம்ப்ரஷன் 3:1, அட்டாக் 25 மில்லி விநாடி, ரிலீஸ் 100, குறைப்பு 2-3 டெசிபெல். அட்டாக்கை 1 மில்லி விநாடிக்குக் கொண்டுபோனால் நீங்கள் தேடிப் பிடித்த லேயர்களின் நுனியெல்லாம் மழுங்கிவிடும்.

வாசித்துப் பதியும்போது புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதன் தாமதம் எளிதில் 100 மில்லி விநாடியைத் தாண்டும். கம்பி ஹெட்ஃபோனும் 128 அல்லது 256 பஃபரும் (ஆப் ஒரே தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை)தான் சரி. மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024-க்கு ஏற்றிவிடலாம். கிட் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் மேலே ஒலித்தால் 44.1 சாம்பிளை 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்ட் மாற்றாமல் ஓட்டுகிறது என்று அர்த்தம். டியூனிங் குமிழைத் திருகாதீர்கள், புராஜெக்டின் சாம்பிள் ரேட்டை மாற்றுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் கிக் கேட்கவில்லை என்பதற்காக 60 ஹெர்ட்ஸை ஏற்றுவதும் வீண், அந்த ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. சிறிது சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச் சிதைவு) போட்டு, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பீட்டர் (கிக் மிதியின் சுத்தி) தோலில் படும் ‘டக்’கை 2 டெசிபெல் உயர்த்தினால் அங்கேயும் கேட்கும்.