நெல் வயலுக்கு நடுவே கரும்பு வெட்டியது

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும்தான் வழக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து கோ 86032 ரகக் கரும்பு போட்டோம். வளர்த்தது பெரிய காரியமில்லை. வெட்டி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் காரியம்.

சிவகிரி, வாசுதேவநல்லூர் எல்லாம் கரும்பு பழகிய மண். வெட்டு ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டால் ஆள் வந்துவிடும். எங்கள் ஊரில் கதிர் அறுக்க ஆள் உண்டு, கரும்பு வெட்டிப் பழகியவர் இல்லை. தரையோடு ஒட்டி வெட்ட வேண்டும். அடிக்கரும்பில்தான் சர்க்கரை அதிகம். கட்டையை உயரமாக விட்டால் எடையும் போச்சு, கட்டையிலிருந்து திரும்ப முளைக்கும் மறுதாம்பும் சரியாகத் தழையாது. அதனால் அந்தப் பக்கத்து ஆட்களையே பேசினோம். முன்பணம், தங்க இடம், சமைக்க விறகு எல்லாம் நம் பொறுப்பு. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதே, சோகை (காய்ந்த தோகை) கழிப்பதும் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுவதும் அதில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். வயலில் நின்று பேசினால் சண்டைதான்.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு தை மாதம் வந்தது. சுற்றிலும் பிசான நெல் கதிர் வாங்கி நிற்கிறது. உள்வயலுக்கு டிராக்டர் எந்த வழியாகப் போகும்? பக்கத்து வயல் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"வண்டி ஏறினா என் நெல்லு என்னத்துக்கு ஆகும்? பொறுங்க தம்பி, மாசியில அறுத்துருவோம். பொறவு ராசாவா ஓட்டிட்டுப் போங்க."

நியாயம்தானே. தலைச்சுமையாக வரப்பு வழியே ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்றார் மேஸ்திரி. அதற்குக் கேட்ட கூலியில் லாபம் மொத்தமும் போயிருக்கும். ஆலையின் கரும்பு அலுவலரிடம் பேசி முறையை மாற்றினோம்: ரோட்டோரக் கரும்பு முதலில், உள்வயல் அறுப்பு முடிந்த பிறகு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ரொம்ப நிற்கவிடவும் முடியாது என்பதால் அவரும் மாசியைத் தாண்டக் கூடாது என்றார்.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்தால்தான் நல்லது. போகப்போக எடையும் குறையும், சர்க்கரையும் இறங்கும். ஆகவே டிரைவர் "கிளம்பிட்டேன்" என்று சொல்லாமல் அரிவாளைத் தொடவிடவில்லை. மேஸ்திரிக்கு அதில் கோபம்தான், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று. இருக்கட்டும், வெட்டிப்போட்ட கரும்பு வெயிலில் கிடப்பதற்கு அது தேவலை.

வண்டிக்காக உடைத்த வரப்பை அப்புறம் நாங்களே கட்டிக்கொடுத்தோம். வழிக்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை, மாட்டுக்குக் கொழுந்தாடை (கரும்பின் நுனித் தோகை) மட்டும் எடுத்துக்கொண்டார்.