மருந்து விட முதல் என்ன பாசியெண்டு பாருங்கோ

கடல்தண்ணி மீன்தொட்டி வச்சிருக்கிற பெடியள் கனபேர் என்னட்டக் கேக்கிறது, அண்ணை பாசிக்கு என்ன மருந்து விடுறது எண்டுதான். எந்தப் பாசியெண்டு கேட்டா பதில் வராது.

மண்ணிறமாப் படர்ந்து கிடந்தா வடிவாக் கிட்டப்போய்ப் பாருங்கோ. புதுத்தொட்டி மணலில தூசாப் படியிறது டயற்றம் எண்ட நுண்பாசி, தண்ணியில அதுக்குத் தேவையான சிலிக்கேற் முடிய தானாப் போயிடும், விடுங்கோ. கருஞ்சிவப்புப் படலமா மூடி, ரியூப்பால உறிஞ்சேக்க துண்டு துண்டாக் கழண்டு வந்தா சயனோபக்ரீரியா, அது பாசியே இல்லை, ஒரு வகை பக்ரீரியா. நீரோட்டம் இல்லாத மூலையிலதான் கூடப் பிடிக்கும், பம்மை அந்தப் பக்கம் திருப்பி தீனியைக் குறையுங்கோ.

பொல்லாதது டைனோ, அதாவது டைனோபிளாஜலேற் எண்ட நுண்ணுயிர். சளியா நூல் நூலாத் தொங்கும், நுனியில காத்துக் குமிழி நிக்கும், காலமை பாத்தா குறைஞ்சிருக்கும், பின்னேரம் திரும்ப முழுக்க மூடியிருக்கும், அதைத் திண்ட நத்தையள் செத்துப்போறதும் உண்டு. சந்தேகமெண்டா கொஞ்சத்தை தொட்டித் தண்ணியோட போத்தில்ல எடுத்து நல்லாக் குலுக்கி, ரிஷூ பேப்பரில வடிச்சு, வடிஞ்ச தண்ணியை ஒரு மணித்தியாலம் வெளிச்சத்தில வையுங்கோ, திரும்ப ஒண்டுசேந்து திரண்டா டைனோதான். பாசிக்கு உரமாப் போற நைத்ரேற்றும் பொஸ்பேற்றும் பூச்சியத்துக்கு இறங்கின தொட்டியில இது நல்லாப் பிடிக்கும், அதால நீங்கள் தண்ணி மாத்தி மாத்தித் துப்புரவாக்க அதுக்குத்தான் கொண்டாட்டம். அந்த ரெண்டையும் கொஞ்சம் கூட்டித்தான் வச்சிருக்கோணும்.

பச்சை மயிர்ப்பாசி நேர்மாறு, அந்த ரெண்டும் கூடினா வாறது. இங்கதான் எங்கட ஊர்த் தண்ணியைப் பற்றிச் சொல்லாம இருக்க ஏலாது. யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற உரம் அப்பிடியே கிணத்துக்க இறங்குது, குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்ரேற், அதைத் தாண்டின கிணறுகள் இங்க இருக்கு. தொட்டியில ஆவியாப் போறது வெறும் தண்ணி, அதுக்குப் பதிலா கிணத்துத் தண்ணியை விட்டு நிரப்பினா தோட்டத்து உரத்தைத்தான் பாசிக்கும் போடுறியள். ஆர்ஓ தண்ணி, அதாவது கரைஞ்சிருக்கிற உப்புகளை வடிச்செடுத்த தண்ணி, வாங்கி விடுங்கோ. தண்ணி சோதிக்கிற ரெஸ்ற் கிற் பொஸ்பேற் பூச்சியமெண்டு காட்டினாலும் உடன நம்பவேண்டாம், பாசி அதை உறிஞ்சி வச்சிருக்கும், முதல் கையால பிடுங்கி வெளியில எறியுங்கோ.

எனக்குப் படம் அனுப்பேக்க தொட்டியின்ர நீல லைற்றை நிப்பாட்டிப்போட்டு வெள்ளை லைற்றில எடுங்கோ, நீலத்தில எல்லாப் பாசியும் ஒரே நிறமாத்தான் தெரியும்.