சி.பி.இசட் முன் ஃபோர்க்: மூக்குக் குத்துவது நின்றது, ஃபோர்க்கின் இடது காலில் வேலை பாக்கி

இரண்டு மாதமாக என்னைப் படுத்திய முன் ஃபோர்க், அதாவது என் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட் பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள இரண்டு கால்கள், நேற்று கொல்லிமலை இறக்கத்தில் அடங்கிவிட்டது. மேலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு, ஒன்றில்கூட ஃபோர்க் அடிவரை அமுங்கித் தட்டும் ‘டங்’ என்ற அந்தச் சத்தம் வரவில்லை. போன முறை இதே இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் முன் பிரேக்கைத் தொட்டதுமே வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்த ஃபோர்க்கில் ஒரு குழி விழுந்தால் மணிக்கட்டில் தெரியும்.

வண்டி 2001 மாடல், ஸ்பிரிங் வாங்கியபோது இருந்ததேதான். என் எடை மட்டும் மாறியிருக்கிறது, அதை விடுங்கள்.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். ஆயிலைக் கெட்டியாக்கினால் ஃபோர்க் கெட்டியாகும் என்று 10-ஐ எடுத்துவிட்டு 20 ஊற்றினேன். மூக்குக் குத்துவது நிற்கவில்லை, மெதுவாகக் குத்த ஆரம்பித்தது, அவ்வளவுதான். அதோடு சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் கையில் வந்து அடித்தது. இந்த மாதிரி பழைய ஃபோர்க்கில் ஆயில் ஓட்டை வழியாகப் பிதுங்கித்தான் போக வேண்டும். வேகமாக அடிபட்டால் கெட்டி ஆயில் போக வழியில்லாமல் கல் மாதிரி நின்றுவிடும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆயில் இல்லை. இன்னொன்று, டப்பாவில் இருக்கும் 10, 20 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 15 மாதிரி இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மைக்கான அளவு) என்று போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அடுத்து ஸ்பிரிங். ஃபோர்க் பைப்பில் கேபிள் டை கட்டி, நான் ஏறி உட்கார்ந்து அளந்ததில் 48 மி.மீ. இறங்கியது. மொத்த ஓட்டமே, அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரமே, 115 தான். நாற்பது சதவீதத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டால் பிரேக் பிடிக்க என்ன மிச்சம் இருக்கும்? வெந்நீர் லைனுக்குப் போடும் வெளிர்மஞ்சள் சி.பி.வி.சி. பைப், முக்கால் இஞ்ச், வெளிவிட்டம் 22.2 மி.மீ., என் ஃபோர்க் பைப்புக்குள் பதமாக இறங்குகிறது. பிளம்பர் விட்டுப்போன துண்டில் காலுக்கு ஒன்றாக 20 மி.மீ. வளையம் இரண்டு அறுத்து, கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்து மட்டமாக்கி, ஸ்பிரிங்குக்கும் வளையத்துக்கும் நடுவே ஸ்டீல் வாஷர் வைத்து ஏற்றினேன். இறக்கம் 29 ஆகிவிட்டது. லேத் அண்ணன் வளையத்தை எடுத்துப் பார்த்து, “தம்பி, தண்ணி லைனு போட்டுட்டீங்களா?” என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

இதில் ஒரு கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் ஸ்பிரிங் 345 மி.மீ. நீளம், 46 சுற்று, கம்பி 3.8. சுற்றெல்லாம் ஒட்டிக்கொண்டால் 175, அப்படியானால் 170 தான் அமுங்கும். மூடி போட்டதுமே ஸ்பிரிங் அமுங்கியிருப்பது 12, ஓட்டம் 115, வளையம் 20, ஆக 147. 23 மிச்சம். இதிலேயே 45 வளையம் போட்டிருந்தால் ஓட்டம் முடியும் முன்பே ஸ்பிரிங் இரும்புத்தடி ஆகியிருக்கும்.

வளையம் உயரத்தைத்தான் தூக்கும், ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது. கடைசி 30 மி.மீ. விறைப்பு ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றிலிருந்துதான் வர வேண்டும், என் தூக்கம் போனது அங்கேதான். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, பைப் வாயிலிருந்து ஆயில் மட்டம் எத்தனை கீழே என்று அளக்க வேண்டும். மில்லி கணக்கில் ஊற்றினால் சரிவராது, உள்ளே பழைய ஆயில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்சு, ஒரு ட்ரிப்ஸ் ட்யூப், பழைய ரேடியோ ஏரியலில் ஒரு துண்டு, மூன்றையும் வரிசையாக மாட்டினால் உறிஞ்சுகுழாய் தயார். ஏரியலை ஒரு மரச்சட்டத்தில் துளைபோட்டு இறுக்கமாகச் செருகி, சட்டத்துக்குக் கீழே 120 மி.மீ. நீட்டி வைத்தேன். ஆயிலைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றி, ஃபோர்க்கை இருபது முறை மெதுவாக அடித்துக் காற்றை வெளியேற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, சட்டத்தைப் பைப் வாயில் உட்காரவைத்து உறிஞ்ச வேண்டும். சிரிஞ்சில் சளசளவென்று காற்று வந்தால் மட்டம் வந்துவிட்டது. இரண்டு காலிலும் மூன்று மூன்று முறை செய்தேன், ஒரு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. இதைப் பீற்றிக்கொள்ள வீட்டில் ஆள் கிடைக்கவில்லை.

ஆயில் மட்டம் முன்பு 150-இல் இருந்தது. அப்போது முழுசாக அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்று தோராயமாக ஒன்றே முக்கால் மடங்கு நெருங்கும். 120 வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் பைப்பின் உள்விட்டம் 26, ஆகவே காலுக்கு 16 மில்லிதான் கூடுதல், ஆனால் அடி தட்டும் இடத்தில் ஆளையே மாற்றிவிடுகிறது. பேராசையில் முதல் தடவை 100 வைத்திருந்தேன். இரண்டே நாளில் இடது காலின் சீல் (ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஓரம் எண்ணெய் கசிந்து பைப்பில் மோதிரம் மாதிரி ஒரு கோடு விழுந்தது. தப்பு என்னுடையதுதான்.

மூடியைத் திரும்பப் போடும்போது 19 கிலோ அளவுக்கு எதிர்த்துத் தள்ளும், மரையைக் குறுக்கே ஏற்றிவிடாமல் முதலில் பின்னோக்கிச் சுற்றி ‘டிக்’ என்று விழுந்த பிறகு முறுக்குங்கள்.

நேற்று இறங்கி வந்து பார்த்தால் கேபிள் டை 94-இல் நிற்கிறது. முன்பெல்லாம் 115-இல், அதாவது அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு ஜோடி பழைய ஸ்பிரிங் கிடைத்தால் நெருக்கமான சுற்றில் நாலைந்தை வெட்டி, நீள வளையம் போட்டுப் பார்க்க ஆசை. கட்டிங் வீலில்தான், கேஸ் வைத்து வெட்டினால் கம்பியின் பதம் போய்விடும். கோன்செட்டையும் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்த இடது சீல். அதை மாற்ற அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றினால் உள்ளே இருக்கும் ராடும் கூடவே சுற்றும். போன வருடம் துடைப்பக்கட்டையைச் சீவி மேலிருந்து செருகி அதை நிறுத்துவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சீல் வாங்கி வைத்துவிட்டேன், டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி (காற்றழுத்தத்தில் போல்ட்டை அடித்துக் கழற்றும் கருவி) இரவல் கேட்டிருக்கிறேன்.